கப்பலில் குறை இல்லை, முன்பதிவில்தான் எல்லாமே குறை

கப்பலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. அறை பளிச்சென்று இருந்தது. தினமும் இரண்டு வேளை வந்து ஒழுங்குபடுத்தினார்கள். காலையில் இட்லி கிடைத்தது. சாம்பார் கொஞ்சம் இனிப்பு, சட்னி நன்றாகவே இருந்தது. வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் தங்கம். நான் எழுத உட்கார்ந்தது முன்பதிவைப் பற்றி. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு ராத்திரி உல்லாசக் கப்பல் பயணம், ஜூன் பள்ளி விடுமுறையில், ஆறு பேர். கம்பெனி பெயரைப் போடவில்லை. வேறு கம்பெனிக் கப்பல்களில் போய் வந்த தோழிகளும் ஏறத்தாழ இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

பயணமே அப்பாவுக்காகப் போட்டதுதான். அப்பாவின் அப்பா 1950களில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி பினாங்கு போனவர். டெக் டிக்கெட், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தே போயிருக்கிறார். பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு செட்டியார் கடையில் எட்டு வருடம் கணக்கெழுதிவிட்டு மாயவரத்துக்கே திரும்பிவிட்டார். அப்பாவுக்கு 74 வயது. “ஒரு தடவை கப்பல்லயே போய் அந்த ஊரைப் பாத்துடணும்மா” என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் அக்டோபரிலேயே, எட்டு மாதம் முன்னால், ஏஜென்டிடம் போய் உட்கார்ந்தேன். இவ்வளவு முன்னால் போனால் எல்லாம் நம் கையில் என்று நினைத்தேன்.

நான் கேட்டது நாலு பேர் படுக்கிற அறை ஒன்று, பக்கத்திலேயே அப்பா அம்மாவுக்கு ஓர் அறை, நடுவில் கதவு இருந்தால் நல்லது. நாலு பேர் அறை முடிந்துவிட்டது என்றார்கள். அறை காலியாக இருந்தாலும் மூன்றாவது, நாலாவது படுக்கையை ஓர் அளவுக்கு மேல் கொடுக்க மாட்டார்களாம். ஒவ்வொரு பகுதிக்கும் உயிர்காப்புப் படகில் இத்தனை பேர்தான் என்று கணக்கு இருக்கிறது, அது நிரம்பிவிட்டால் அந்தப் பகுதி அறைகளில் கூடுதல் படுக்கையை மூடிவிடுவார்கள். பாதுகாப்புக்காகச் செய்வது, அதில் குறை சொல்ல மாட்டேன். பள்ளி விடுமுறையில் குழந்தைகளோடு வருகிறவர்கள் அதிகம், அதனால் முதலில் தீர்வது இந்தப் படுக்கைகள்தான் என்பதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். கடைசியில் மூன்று மூன்று பேராகப் பிரிந்தோம். நானும் அம்மாவும் மகளும் ஓர் அறை, இவரும் அப்பாவும் மகனும் இன்னொன்று, இரண்டு தளம் தள்ளி. இரண்டு அறைக்கு இரண்டு பதிவு எண். “ரெண்டையும் லிங்க் பண்ணியாச்சுக்கா, கவலையே படாதீங்க” என்றார் ஏஜென்ட். எனக்கு அடுத்து வந்த தொல்லைகள் பாதிக்கு மேல் இந்த ஒரு வாக்கியத்தை நம்பியதால் வந்தவை.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். எங்கள் அம்மா அப்பா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? கப்பலின் ஆப்பில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவே முடியாது. ஏஜென்ட் ஒரு மாதிரி எழுதியிருக்கிறார், நான் ஆப்பில் வேறு மாதிரி எழுதினேன், ‘இந்தப் பதிவில் இப்படி ஒருவர் இல்லை’ என்று வந்தது. பெரியவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மின்னஞ்சல் வேறு வேண்டும். அப்பாவுக்கு ஏது மின்னஞ்சல்? அவர் பெயரில் ஒன்று தொடங்கி, மாயவரத்துக்குப் போன் போட்டு, அவர் போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைப் படிக்கச் சொன்னால், கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்று ராத்திரி இப்படிப் போனது. நாலாவது தடவை அப்பா, “என்னால உனக்கு எவ்வளவு சிரமம்மா, நாங்க வரலைன்னாதான் என்ன?” என்றார். அவர் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பயணம் இது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

சாப்பாட்டு மேசைக்கு இரண்டு பந்தி: மாலை 5:45, இரவு 8:15. பணம் கட்டும்போதே முதல் பந்தி கேட்டிருந்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கொண்டால் ஏழு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். எங்கள் அறைக்கு முதல் பந்தி கிடைத்தது, அப்பா இருந்த அறைக்கு இரண்டாவது பந்தி விழுந்தது. இரண்டு பதிவும் ஏஜென்டின் கணினியில்தான் சேர்ந்திருந்ததாம், கப்பலின் சாப்பாட்டுப் பட்டியலில் இல்லையாம். முதல் நாள் ராத்திரி ஒரே கப்பலில், ஒரே குடும்பம், இரண்டு வேளையில் சாப்பிட்டோம். அப்பா ஆறரைக்கே மேல்தள பஃபேயில் தனியாகச் சாப்பிட்டு முடித்துவிட்டார். பாதுகாப்புப் பயிற்சியிலும் இதே நிலைமைதான். அறையை வைத்துத்தான் கூடும் இடம் தருகிறார்கள். என் மகன் கையில் கட்டிய பட்டையில் ஒரு எண், மகள் கையில் வேறு எண். ஏதாவது நடந்தால் இரண்டு பிள்ளைகளும் கப்பலின் இரண்டு பக்கம் நிற்பார்கள் என்று நினைக்கவே வயிற்றைப் பிசைந்தது.

இதைச் சரிசெய்து கொடுத்தவர் ஒரு நாகர்கோவில் தம்பி, எங்கள் மேசைக்குப் பரிமாறியவர். விஷயத்தைச் சொன்னதும், “அக்கா, ஆப்புல பாக்காதீங்க, நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கூட வாசல்ல மேனேஜர் நிப்பாரு, நேர்ல கேளுங்க. ஐயாவுக்கு இன்சுலின்னு சொல்லுங்க” என்றார். கேட்டேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்து, பென்சிலால் ஒரு பெயரை அடித்து, எங்கள் எண்ணை எழுதினார். ஒரு நிமிஷ வேலை. எட்டு மாதமாக ஆப்பும் போனும் தராதது ஒரு பென்சிலில் கிடைத்தது. அன்று சாயங்காலமே ஆறு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். அந்தத் தம்பி அப்பாவுக்கு உப்புக் குறைத்து, தயிர் சாதம் தனியாகக் கொண்டுவந்து வைத்தார்.

எனக்கு இன்னும் ஆறாதது மேடை நிகழ்ச்சி விஷயம். கட்டணத்திலேயே சேர்ந்தது, தனியாகப் பணம் இல்லை, இடம் மட்டும் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு பயணத்துக்கு முப்பது நாள் முன்னால் திறந்திருக்கிறது. எனக்கு ஒரு மின்னஞ்சல் வரவில்லை, ஏஜென்டும் சொல்லவில்லை. இத்தனைக்கும் வைஃபை வாங்குங்கள், ஸ்பா போங்கள் என்று வாரத்துக்கு இரண்டு மின்னஞ்சல் தவறாமல் வந்தது. ஆபீசில் ஒரு தோழி எதேச்சையாகக் கேட்டதால் பதினோரு நாள் முன்னால்தான் தெரிந்தது. 7:30 காட்சி நிரம்பியிருந்தது. ராத்திரி பத்து மணிக் காட்சியில் இடம் இருந்தது, அந்த நேரத்துக்கு ஐந்து வயதுப் பிள்ளை எப்படி முழித்திருப்பான்?

அதனால் நாலாம் நாள் 7:30 காட்சிக்கு, பதிவில்லாதவர்கள் வரிசையில் 6:50-க்கே போய் நின்றோம். பதிவு செய்தவர்கள் இடது பக்கம் சரசரவென்று உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் வலது பக்கம் ஒரு சிவப்புக் கயிற்றுக்குப் பின்னால். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பக்கத்தில் நாற்காலி ஒன்றுகூட இல்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நின்றார். மகன் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். 7:20-க்குக் கயிற்றைக் கழற்றினார்கள். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் போனார்கள். எங்கள் முறை வந்ததும் வாசலில் நின்ற ஊழியப் பெண் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்துவிட்டு, இரண்டு பேர் மட்டும் போகலாம் என்றார். “நீயும் பாட்டியும் போங்க” என்று மகளிடம் சொன்னேன். அம்மா அசையவில்லை. “சின்னவன விட்டுட்டு நான் மட்டும் போய் என்னத்த பாக்கப் போறேன்?” என்றார். பின்னால் நின்ற இரண்டு பேர் போனார்கள். கதவு சாத்தும்போது உள்ளே தெரிந்தது: மாடி வரிசையில் ஏழெட்டு நாற்காலி அடுத்தடுத்துக் காலி. பதிவு செய்துவிட்டு வராதவர்களுடையது. காட்டிக் கேட்டேன். கடைசி நிமிஷத்தில் வந்தாலும் வருவார்கள், கொடுக்க முடியாது என்றார். அவர் மீது தப்பில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார். மகள் அழவில்லை. ஆனால் லிஃப்ட் வரும்வரை யாரிடமும் பேசவில்லை.

வராதவர் நாற்காலியைக் காட்சி தொடங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் காலி என்று கணக்கெடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நிற்க முடியாதவர்களுக்கென்று நாலு நாற்காலி வெளியே போட்டால் என்ன? இதை நான் கோபத்தில் கேட்கவில்லை. கப்பல் பயணம் வயசானவர்களுக்கு வசதி, அலைய வேண்டாம், எல்லாம் ஒரே இடத்தில் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நாமும் அதற்காகத்தான் பணம் கட்டுகிறோம்.

பினாங்கைப் பற்றிச் சந்தோஷமாகவே எழுதலாம், ஆனால் அங்கேயும் முன்பதிவில் ஒரு பாடம் படித்தேன். ‘இடங்கள் வேகமாகத் தீர்கின்றன’ என்று ஆப் மின்னிக்கொண்டே இருந்ததால், பயந்துபோய் கப்பலின் பஸ் சுற்றுலாவில் ஆறு பேருக்கும் பதிந்துவிட்டேன். ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கிப் பார்த்தால், லிட்டில் இந்தியா நடக்கிற தூரம். பஸ்ஸோ அந்தப் பக்கமே போகாதாம். 48 மணி நேரத்துக்கு முன்னால் சொன்னால்தான் பணம் திரும்பும். இவரும் பிள்ளைகளும் பஸ்ஸில் போனார்கள். அப்பா அம்மாவோடு நான் மெதுவாக நடந்தேன், மூன்று பேர் காசு போனது போனதுதான். குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு பினாங்கு ஸ்ட்ரீட்டுக்கு வந்தோம். 1833-ல் எழுந்த கோயில் என்றதும், “அப்படின்னா எங்கப்பா இங்க கும்பிட்டிருப்பார்” என்றார் அப்பா. தாத்தா வேலை பார்த்த கடை எது என்று தெரியவில்லை. அப்பா அந்தத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு வாசலாக நின்று பார்த்தார். ஒரு பூக்கடையில் அம்மாவுக்கு முல்லைச் சரம் வாங்கிக் கொடுத்தார். அதை வாடிய பிறகும் அம்மா அறையில் கண்ணாடிக்கு முன்னால் வைத்திருந்தார்.

புக்கெட்டில் கப்பல் கரை வரை வரவில்லை. பத்தோங் கடற்கரைக்கு எதிரே கடலிலேயே நிறுத்தி, சின்னப் படகில் கொண்டுபோய் விட்டார்கள். கப்பல் சுற்றுலா பதிந்தவர்கள் முதலில், மற்றவர்கள் எண் வாங்கிக் காத்திருக்க வேண்டும். படகு ஏறி இறங்குவதைப் பார்த்ததும் அம்மா வேண்டாம் என்றுவிட்டார். நானும் கூட இருந்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எத்தனை அறை என்றாலும் எல்லாப் பதிவு எண்ணும் சாப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்திருக்கிறதா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெற்றோர் பெயரை ஏஜென்ட் எந்தக் கட்டத்தில் எப்படி எழுதினார் என்று எழுத்துக்கு எழுத்து வாங்கிக்கொண்டு, ஆப்பிலும் அப்படியே எழுதுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் சிங்கப்பூர் விசாவில் ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், பயணம் முடிந்து திரும்ப உள்ளே வர வேண்டுமே. கப்பல் ஏறிய அன்றே சாப்பாட்டுக்கூட மேனேஜரை நேரில் பாருங்கள். வைஃபை மாதிரியான விஷயங்களில் விலை இறங்கினால், கிளம்புவதற்கு முன்பு பழையதை ரத்துசெய்து புது விலைக்கு வாங்கலாம். எனக்கு அதில் 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மிச்சம். அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஊழியர்களுக்கும் ஐந்துக்கு ஐந்து தருவேன். முன்பதிவுக்கு ஒன்று.

டிசம்பரில் தங்கை குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது, அவர்கள் நாலு பேர், நாங்கள் நாலு பேர். போன வாரம் அதே ஏஜென்டிடம் போனேன். அறை, பந்தி எல்லாம் பேசிவிட்டு, மேடை நிகழ்ச்சிப் பதிவு எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டேன். “அது கப்பல்காரங்க இன்னும் சொல்லலையேக்கா” என்றார். தெரிந்ததும் கூப்பிடுங்கள், அன்றைக்கு வந்து முன்பணம் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.