பரிசு என்று சொன்னதும் கைமாறிய 685 வெள்ளி: துடுப்பு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

ஆற்றில் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகு ஓட்டுவதில் பித்துப் பிடித்த உறவினர்களுக்கு என்ன பரிசு வாங்கலாம் என்று விரிவாக எழுதித் தருவதாக நண்பர்கள் சிலரிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பட்டியலை நிதானமாக எழுதும் மனநிலையில் நான் இப்போது இல்லை. என் தம்பியின் பிறந்தநாளுக்காகக் குடும்பமே சேர்ந்து கொடுத்த 685 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) நீர் விளையாட்டுப் பொருள்கள் விற்கும் ஓர் இணையக் கடை வாங்கிக்கொண்டு, சொன்ன தரத்தில் எந்தப் பொருளையும் தராமல், இன்றுவரை எங்களை அலைக்கழித்துக்கொண்டிருக்கிறது. நேற்று மாலை அவர்கள் அனுப்பிய பதிலைப் படித்த கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

தம்பி காலாங் படுகையில் துடுப்பு வலிக்கக் கற்றுக்கொண்டவன். லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் ஓடிவரும் காலாங் ஆறுதான் சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு என்பதை எங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளிக்கும் சொல்லாமல் விடமாட்டான். 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு படுகைக்குள் கடலின் ஏற்றவற்றம் வருவதில்லை என்பதால் எந்த நேரத்திலும் அங்கே ஓட்டலாம். சுங்கை காத்திப் போங்சுவின் சதுப்புநிலக் காட்டுக்குள் போவதென்றால் நீர்மட்ட நேரம் பார்த்துத்தான் இறங்க வேண்டும், தவறினால் சேற்றில் மாட்டிக்கொள்வோம் என்பான். இவ்வளவு ஆர்வமுள்ளவன் இத்தனை காலமும் அலுமினியத் தண்டு வைத்த இரவல் துடுப்போடுதான் ஒப்பேற்றி வந்தான். ஒரு மணி நேரம் ஓட்டினால் கை ஆயிரக்கணக்கான முறை துடுப்பை இழுக்கிறது. துடுப்பின் இரு முனைகளிலும் கூடும் ஒவ்வொரு கிராமும் தோளில்தான் இறங்குகிறது. அவனுடைய வலது தோள் சில மாதங்களாகவே சரியில்லை. அதனால்தான் எடை குறைந்த கார்பன் இழைத் துடுப்பு வாங்கித் தருவதென்று முடிவு செய்தோம். அம்மா தன் சேமிப்பிலிருந்து 100 வெள்ளி எடுத்துக் கொடுத்தார். மீதியை நானும் என் கணவரும் தங்கையும் போட்டோம்.

அந்தக் கடையை நான் நம்பியதற்குக் காரணம் விலை அல்ல, அங்கே பேசியவருடைய விவரம். வாட்ஸ்அப்பில் தமிழிலேயே பேசினார். “அக்கா, தம்பி என்ன உயரம்? படகு எவ்வளவு அகலம்? எந்தக் கையால துடுப்பைத் திருப்புவார்?” என்று அவர் கேட்டவை எல்லாமே துடுப்பு தெரிந்தவர் கேட்கக்கூடிய கேள்விகள். துடுப்பின் நீளம் ஓட்டுபவரின் உயரத்தையும் படகின் அகலத்தையும் பொறுத்தது என்பதை அவரே பொறுமையாக விளக்கி, ஒல்லியான படகு என்பதால் 220 சென்டிமீட்டர் போதும், 230 வேண்டாம் என்றார். பெரியதை வாங்க வேண்டாம் என்று சொல்லும் வியாபாரி நேர்மையானவராகத்தான் இருப்பார் என்று என் மனம் அந்த இடத்தில் முழுதாக அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. பிறகு, “தம்பிகிட்ட இப்பவே காட்டிடாதீங்க அக்கா, பிறந்தநாள் அன்னைக்கே பிரிக்கட்டும்” என்று சொல்லி, பிறந்தநாள் எப்போது என்றும் கேட்டுக்கொண்டார். பரிசுத்தாள் சுற்றி அனுப்புவதாகவும் அதற்குக் கட்டணம் கிடையாது என்றும் சொன்னார். துடுப்புக்கு 460, கூடவே எடுத்த மிதவைச் சட்டைக்கு 150, நீர் புகாப் பைக்கு 75. ஆக மொத்தம் 685 வெள்ளியைப் பேநவ் என்ற உடனடி வங்கிப் பரிமாற்றம் மூலம் அன்றே அனுப்பினேன்.

பொருள் பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே அழகாகச் சுற்றப்பட்டு வந்து சேர்ந்தது. பற்றுச்சீட்டில் மிகச் சிறிய எழுத்தில், பொருளைப் பெற்ற ஏழு நாளுக்குள் மட்டுமே மாற்றித் தரப்படும் என்று அச்சிட்டிருந்தார்கள். பிறந்தநாள் தேதியை அவர் ஏன் கேட்டார், தம்பியிடம் ஏன் காட்ட வேண்டாம் என்றார் என்பது எனக்கு விளங்கியது பின்னர்தான். பொருளின் தரம் தெரிந்த ஒரே மனிதர் அதைத் தொடுவதற்குள் அந்த ஏழு நாளும் ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

பிறந்தநாளன்று துடுப்பைக் கையில் எடுத்ததுமே தம்பியின் முகம் மாறியது. எங்கள் மனம் நோகக் கூடாது என்று “நல்லா இருக்குக்கா” என்றுதான் சொன்னான். நான் விடவில்லை. துடுப்பை இரண்டு பாகமாகக் கழற்றி அம்மா மாவு நிறுக்கும் தராசில் தனித்தனியே வைத்துப் பார்த்தோம்: கடை சொன்னது 780 கிராம், தராசு காட்டியது இரண்டும் சேர்ந்து 1,150 கிராம். தண்ணீரைத் தள்ளும் தட்டையான அலகின் ஓரத்தை தம்பி நகத்தால் சுரண்டியபோது, கார்பன் நெசவுபோலத் தெரிந்த கறுப்புப் படலம் சுருண்டு எழுந்தது. உள்ளே வெளிறிய கண்ணாடியிழை. கண்ணாடியிழைத் துடுப்பு கெட்ட பொருள் இல்லை. நல்ல கண்ணாடியிழைத் துடுப்பை வைத்து வாழ்நாள் முழுவதும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு மேல் கறுப்புத் தாளை ஒட்டி, கார்பன் என்று சொல்லி 460 வெள்ளி வாங்குவது திருட்டு. போதாக்குறைக்கு இரு பாகமும் இணையும் இடம் பூட்டிய பிறகும் ஆடியது.

மிதவைச் சட்டையைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே உடல் பதறியது. ஐஎஸ்ஓ 12402-5 என்ற அனைத்துலகத் தரம், 50 நியூட்டன் மிதப்பு (தண்ணீரில் தூக்கிப் பிடிக்கும் விசை) என்று கடையின் பக்கத்தில் போட்டிருந்தது. அத்தகைய சட்டையின் உட்புறத்தில் தர எண்ணும் மிதப்பு அளவும் அணிபவரின் எடை வரம்பும் அச்சிட்ட துணிச்சீட்டு இருக்க வேண்டும். வந்த சட்டையில் அப்படி எதுவுமே இல்லை. தம்பி நண்பர்களோடு மலேசியாவில் கோலகுபு பாருவுக்குப் போய், பாறைகளுக்கிடையே சீறிப் பாயும் சிலாங்கூர் ஆற்றிலும் ஓட்டுபவன். படகு கவிழ்ந்தால் அவனைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய சட்டையிலா இந்தப் பித்தலாட்டம்? நீர் புகாப் பையின் விளிம்புகள் வெப்பத்தால் ஒட்டப்படாமல் ஊசியால் தைக்கப்பட்டிருந்தன. வாளித் தண்ணீரில் அமுக்கியதும் தையல் துளைகள் வழியே வரிசையாகக் குமிழி வந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை அத்தனையும் தட்டிக்கழிப்பு. முதலில் படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பிறகு காணொளி கேட்டார்கள். தராசோடு காணொளியை அனுப்பியதும், “வீட்டுத் தராசு சரியா காட்டாது மேடம்” என்று பதில் வந்தது. “அக்கா” எப்போது “மேடம்” ஆனேன் என்று தெரியவில்லை. கூரியர் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். எடையைக் கூரியர்காரரா கூட்டினார்? தொழிற்பேட்டைக் கட்டடத்தில் இருந்த அவர்களுடைய முகப்புக்கு நேரில் போனபோது, அங்கிருந்த பெண் தனக்கு எதுவும் தெரியாது, மேலாளர் வெளியூரில் இருக்கிறார் என்றார். ஏழு நாள் தாண்டிவிட்டது, மேலும் அது சலுகை விலைப் பொருள் என்பதால் பணம் திரும்பாது, நல்லெண்ணத்தின் பேரில் 60 வெள்ளிக்குக் கூப்பன் தருகிறோம், அதை எங்கள் கடையிலேயே பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதுதான் நேற்று வந்த பதில். 685 வெள்ளிக்கு 60 வெள்ளி, அதுவும் அதே கடையில்!

சலுகை விலை என்றோ ஏழு நாள் என்றோ கடைக்காரர் எழுதி வைத்துவிட்டால் நம் உரிமை போய்விடாது. 2012 செப்டம்பரிலிருந்து இங்கே நடப்பில் இருக்கும் குறைபாட்டுப் பொருள் சட்டத்தின்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால் அது கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். பயனீட்டாளர் சங்கத்தில் இன்று காலை புகார் கொடுத்துவிட்டேன். அதிலும் வழி பிறக்கவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்தான். அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் கொண்டுபோகலாம், வழக்கறிஞர் தேவையில்லை, என்னுடையதைப் போன்ற தொகைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளி.

பரிசு ஆலோசனை கேட்டவர்களுக்கு இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும். துடுப்பை ரகசியமாக வாங்காதீர்கள். ஓட்டுபவரையே கடைக்குக் கூட்டிப்போய்க் கையில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மிதவைச் சட்டையின் உள்சீட்டைப் படிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். ஆற்று நீரோட்டத்தில் ஓட்டுபவருக்குத் தலைக்கவசம் வாங்குவதானால் இஎன் 1385 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள், மிதிவண்டிக் கவசத்தை எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள். பரிசாக இருந்தாலும் வந்த அன்றே பிரித்து நிறுத்துப் படமெடுத்துவிட்டு மறுபடி சுற்றிக்கொள்ளலாம். பிறந்தநாள் தேதியைக் கடைக்காரரிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

இதே போன்ற கடையில், இதே போலப் பரிசுத்தாள் சுற்றிய பொருளை வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் உரையாடல்களையும் பற்றுச்சீட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அந்த 685 வெள்ளியை வாங்காமல் நான் விடப்போவதில்லை.