பேய்க்கரும்பு கலாம் நினைவிடம்: அவசரமில்லாமல் பாருங்கள்

பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் போகிற பலர், பேய்க்கரும்பில் வண்டியை நிறுத்திப் பத்தே நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். 2017 ஜூலையில் திறந்த இந்த நினைவிடத்தைக் கட்டியது ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ, கலாம் வேலை பார்த்த அதே நிறுவனம். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். எனக்கு அது நல்லதாகவே பட்டது, எல்லாரும் நின்று பார்க்கிறார்கள்.

ராக்கெட், ஏவுகணை மாதிரிகளைக் காட்டும்போது பிள்ளைகளுக்கு எஸ்எல்வி-3 ராக்கெட்டின் கதையை அவசியம் சொல்லுங்கள். 22 மீட்டர் உயரம், 17 டன் எடை. 1979 ஆகஸ்டில் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம்தான், ஆனாலும் பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பேற்றவர் அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, பேச அனுப்பியது கலாமை. இதைவிடப் பெரிய பாடம் எந்த வகுப்பில் கிடைக்கும்?

அப்புறம் ராமேஸ்வரம் மசூதித் தெருவில் இருக்கும் கலாமின் வீட்டையும் விட்டுவிடாதீர்கள். அவருடைய அப்பா படகு வைத்திருந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரயில் இங்கே நிற்காமல் போக, ஓடும் வண்டியிலிருந்து வீசிய செய்தித்தாள் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்துச் சம்பாதித்த சிறுவன் கலாம். சென்னையில் எம்ஐடி பொறியியல் கல்லூரியில் சேரப் பணமில்லாதபோது அக்கா சோஹ்ரா தன் நகைகளை அடகு வைத்தார். அந்த அக்காவை நினைக்காமல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

முதலில் வீடு, பிறகு நினைவிடம் என்று போனால் இன்னும் நன்றாகப் புரியும்.