நானே எழுதிய டார்ச் செயலி: பத்தாண்டுக்கும் மேலான பயன்பாட்டு அனுபவம்

கட்டடப் பராமரிப்பு வேலையில் இருப்பவனுக்குச் சுத்தியல், திருப்புளி போல வெளிச்சமும் ஒரு கருவி. பொய்க்கூரைக்கு மேலே ஓடும் குழாயில் கசிவு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கவும், மின்பெட்டியின் அடிவரிசையில் எந்தப் பிரேக்கர் விழுந்திருக்கிறது என்று பார்க்கவும் நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து முறையாவது டார்ச்சைத் தேடுவேன். 2013இல் என்னிடம் இருந்த ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் அதற்கெனத் தனிப் பொத்தான் இல்லை. இறக்கிப் பார்த்த செயலிகள் விளக்கைக் காட்டுமுன் விளம்பரத்தைக் காட்டின. அந்த டிசம்பரில், கோடிக்கணக்கில் இறக்கப்பட்டிருந்த ஒரு டார்ச் செயலி பயனர்களின் இருப்பிடத் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்து வந்ததாக அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்த செய்தியையும் படித்தேன். விளக்கு எரிய நான் நிற்கும் இடம் எதற்கு என்ற கோபத்தில்தான் எனக்கான செயலியை நானே எழுத உட்கார்ந்தேன்.

அக்காலத்தில் ஆண்ட்ராய்டில் ஃபிளாஷை மட்டும் தனியாகக் கேட்டு வாங்க வழியில்லை. படம் எடுக்கப் போவதுபோல் கேமராவையே திறந்து, ஃபிளாஷ் முறையை ‘டார்ச்’ என்று அமைத்து, முன்னோட்டத்தை, அதாவது படம் எடுக்குமுன் திரையில் ஓடும் காட்சியைத் தொடங்க வேண்டும். என் கைத்தொலைபேசியில் எரிந்த நிரல் மனைவியின் கைத்தொலைபேசியில் எரியவில்லை. முன்னோட்டப் படம் போய் விழ ஓர் இடம் இருந்தால்தான் அந்தக் கருவி விளக்கை எரிக்கும் என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. யாரும் பார்க்காத ஒரு ‘சர்ஃபேஸ் டெக்ஸ்சரை’ உருவாக்கி அதற்கு முன்னோட்டத்தை அனுப்பிய பிறகே அது எரிந்தது.

இதைவிடப் பெரிய பிழையை 2014 தீபாவளிக்கு முன்பு சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் கண்டேன். ஒளியூட்டின் கீழே பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கப் போனபோது, கேமராவுடன் இணைக்க முடியவில்லை என்ற அறிவிப்பு மட்டுமே திரும்பத் திரும்ப வந்தது. மாலையில் வேலையிடத்தில் டார்ச்சை அணைத்திருந்தேன். ஆனால் கேமராவை விடுவிக்கும் வரியை நான் எழுதவே இல்லை. விளக்கு அணைந்திருந்தும் என் செயலி கேமராவைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ‘ரிலீஸ்’ என்ற அந்த ஒற்றைக் கட்டளையை அன்றிரவே சேர்த்தேன்.

2015இல் வெளியான ஆண்ட்ராய்டு 6.0 இந்தச் சுற்றுவழியை எல்லாம் நீக்கியது. கேமராக்களைக் கவனிக்கும் ஆண்ட்ராய்டின் பகுதியான கேமரா மேனேஜரிடம் பின்பக்கக் கேமராவின் அடையாள எண்ணைக் கேட்டு, அதில் ஃபிளாஷ் உண்டா என்று சரிபார்த்து, ‘செட் டார்ச் மோட்’ என்ற ஒரே கட்டளையைக் கொடுத்தால் போதும். கேமராவைத் திறக்க வேண்டியதில்லை. ஆகவே கேமரா அனுமதியும் வேண்டியதில்லை. எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. இன்றும் கேமரா அனுமதியோ இருப்பிட அனுமதியோ கேட்கும் டார்ச் செயலியைக் கண்டால் வீட்டார் யாரையும் நிறுவ விடமாட்டேன்.

எரிய வைப்பது இவ்வளவு எளிதாகிவிட்ட பிறகுதான் உண்மையான வேலை எது என்று எனக்குத் தெரிந்தது. விளக்கு இப்போது எரிகிறதா, இல்லையா? என் செயலி இதைக் குறித்துவைக்க ஒரு மாறியை வைத்திருந்தது: பொத்தானை அழுத்தினால் ‘எரிகிறது’, மறுபடி அழுத்தினால் ‘அணைந்தது’. ஒருநாள் அடித்தளக் கார்நிறுத்தத்தில் அவசரத்துக்குத் திரையை மேலிருந்து இழுத்து, கருவியிலேயே உள்ள பொத்தானால் டார்ச்சை எரித்தேன். வேலை முடிந்ததும் அணைக்க என் செயலியின் பொத்தானை அழுத்திவிட்டுக் கைத்தொலைபேசியைக் காற்சட்டைப் பையில் போட்டேன். விளக்கு அணைந்திருப்பதாகவே எண்ணிக்கொண்டிருந்த என் செயலியோ மறுபடியும் எரியச் சொல்லியிருக்கிறது. மின்தூக்கியில் உடன் வந்த இளைஞர், “அண்ணே, பாக்கெட்ல வெளிச்சம் தெரியுது பாருங்க” என்றபோது தொடை சுட்டது. எடுத்துப் பார்த்தால் பின்பக்கக் கண்ணாடியைத் தொட முடியவில்லை.

இதற்குத் தீர்வாக ‘டார்ச் கால்பேக்’ இருக்கிறது. எந்தச் செயலி எரித்தாலும் அணைத்தாலும் ஆண்ட்ராய்டே நம் செயலிக்குத் தகவல் சொல்லும். வேறு செயலி கேமராவை எடுத்துக்கொண்டால் டார்ச் கிடைக்காது என்றும் சொல்லும். என் சொந்த மாறியை நீக்கிவிட்டு, வரும் தகவலை மட்டும் பார்த்துப் பொத்தானின் நிறத்தை மாற்றுமாறு எழுதினேன். காணொளி அழைப்பின்போது பொத்தான் சாம்பல் நிறமாகிவிடும். அதன்பின் பையில் விளக்கு எரிந்தது ஒருமுறைகூட இல்லை.

2018 செப்டம்பர் 18 அதிகாலை ஒரு மணிக்குப் பிறகு தீவின் பல பகுதிகளில் மின்சாரம் தடைப்பட்டபோது எங்கள் புளோக்கும் இருளில் மூழ்கியது. டார்ச்சை எரித்து, கைத்தொலைபேசியைக் கூடத்து மேசையில் கவிழ்த்து வைத்து, அந்த வெளிச்சத்தின் மேல் தண்ணீர் போத்தலை நிறுத்தினேன். கூடம் முழுவதும் மங்கலாக வெளிச்சம் பரவியது. சற்று நேரத்தில் விளக்கு தானாக அணைந்தது. அம்மா அப்போதுதான் அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார், நாற்காலியில் இடித்துக்கொண்டார். டார்ச்சை எரித்த செயலி நின்றுவிட்டால் ஆண்ட்ராய்டு டார்ச்சையும் அணைத்துவிடும். பின்னணியில் கிடந்த என் செயலியை, நினைவகத்தை மிச்சப்படுத்தக் கருவி நிறுத்திவிட்டிருந்தது. விளக்கு எரியும் நேரத்தில் முன்னணிச் சேவை ஒன்றை, அதாவது பயனர் அறிய ஓடுவதால் கருவி எளிதில் நிறுத்தாத பகுதி ஒன்றை ஓடவிட்டு, ‘டார்ச் எரிகிறது’ என்ற அறிவிப்பையும் அதிலேயே அணைக்கும் பொத்தானையும் வைத்த பிறகு அப்படி நேரவில்லை. புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகள் வரும்போது இந்தச் சேவைக்கான விதிகள்தாம் மாறுகின்றன. டார்ச் கட்டளையைத் தொட வேண்டி வந்ததில்லை.

அம்மாவுக்காக எழுதிய பகுதி ஒன்றுண்டு. இரவில் கழிவறைக்குப் போகும்போது முழு வெளிச்சம் அவர் கண்ணைக் கூசவைத்தது. ஆண்ட்ராய்டு 13, அதாவது 2022ஆம் ஆண்டுப் பதிப்பு, டார்ச்சின் வெளிச்ச அளவை மாற்ற வழி கொடுத்தது. ஆனால் எல்லாக் கருவிகளும் அதற்கு இடம்தருவதில்லை. உச்ச அளவு எது என்று கேட்டு, ஒன்று என்று பதில் வந்தால் மாற்ற முடியாது என்று பொருள். அணைத்தவுடன் அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதால், அம்மா தேர்ந்தெடுத்த அளவைச் செயலியே நினைவில் வைத்து ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். மிகக் குறைந்த அளவில் தரையும் செருப்பும் தெரிகின்றன. அவருக்கு அது போதும்.

கடைசியாகச் சேர்த்தது தானாக அணையும் நேரக்கணிப்பு. படம் எடுக்கும்போது ஃபிளாஷ் ஒரு கணம்தான் மின்னுகிறது. டார்ச்சாக அதைவிடக் குறைந்த மின்னோட்டத்தில் எரிந்தாலும் நீண்ட நேரம் எரிவதால் சூடு சேர்கிறது. என் கைத்தொலைபேசியில் பதினைந்து நிமிடம் வைத்திருக்கிறேன். ஏணியின் மேல் நிற்கும்போது திடீரென்று இருண்டுவிடக் கூடாது என்பதால், அணைவதற்கு ஒரு நிமிடம் முன்பு அது அதிரும். பொத்தானைத் தொட்டால் இன்னொரு பதினைந்து நிமிடம் எரியும். அம்மாவின் கைத்தொலைபேசியில் அதிர்வை எடுத்துவிட்டேன், தூக்கத்தில் அது அவரைப் பதறவைத்ததால்.