பத்து நாள் பாரதத்துக்கு கூத்து ஜமா வெச்சோம், காசுக்கு தகுந்த கூத்தா?

எங்க ஊரு செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயில்ல இந்த வருஷம் பாரதம், அதாவது மகாபாரதக் கதைய பத்து நாள் நடத்துற திருவிழா வெச்சோம், மத்தியானம் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து, கடைசி நாள் காலைல துரியோதனன் விழற படுகளம், சாயங்காலம் தீமிதி. கூத்துக்கு ஜமா, அதாவது கூத்தாடுற குழு பிடிக்கிற வேலை எங்க நாலஞ்சு பேர் தலைல விழுந்துச்சு. எந்த ஜமா, எப்படி ஆடுனாங்கன்னு பக்கத்து ஊர்க்காரங்க எல்லாம் கேக்குறதால எழுதுறேன், ஆனா ஜமா பேரு போட மாட்டேன், கொறையும் சொல்லப் போறேன், அவங்க பொழப்பு இது.

மொதல்ல புக்கிங். பங்குனி பொறந்தா ஆடி வரைக்கும் வடக்கு மாவட்டம் முழுக்க ஏதாவது ஒரு ஊர்ல பாரதம் ஓடிட்டுதான் இருக்கும், அதனால ஜமாவ நடத்துற வாத்தியார் நல்லவரா இருக்குற ஜமாவ தை மாசமே போய் பிடிச்சிடணும். போன்ல பேசி ஜிபே பண்ணா போதும்னு நெனைக்காதீங்க, நேர்ல போய் வெத்தல பாக்குல அட்வான்ஸ் வெச்சு கைல குடுத்தாதான் பேச்சு உறுதி. ரேட் தூரத்தப் பொறுத்து, ஆள் எண்ணிக்கையப் பொறுத்து மாறும். ஒண்ணு மட்டும் சொல்றேன், சினிமா பாட்டு ஆர்கெஸ்ட்ரா ஒரு நைட்டுக்கு கேக்குற காசுல ரெண்டு மூணு நைட் கூத்து தாராளமா வெச்சிடலாம், அதுவும் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடியற வரைக்கும், நடுவுல பிரேக் கூட கெடையாது. இவ்ளோ ஒழைப்புக்கு இது ரொம்ப கம்மி, அத நெனச்சா பேரம் பேசவே மனசு வரல.

ஆட்டத்துக்கு வர்றேன். களரி கட்டும்போதே, அதாவது ஆளு உள்ள வர்றதுக்கு முன்னாடி மிருதங்கம், டோலக்கு, தாளம், ஆர்மோனியம் எல்லாம் சேந்து அடிக்கிறாங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சிடுச்சு அடிக்கிறவங்க கைல சரக்கு இருக்குன்னு. கட்டியங்காரன், அதான் கதையும் சொல்லி காமெடியும் பண்றவரு, வந்து கதைய எடுத்து விட்டதும் ரெண்டு பேர் திரைய பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க, பின்னாடி இருந்து ராஜா வேஷக்காரர் விருத்தம் பாடுவாரு, நமக்கு கிரீடத்தோட நுனியும் கீழ சலங்கை காலும் மட்டும்தான் தெரியும். அந்த அஞ்சு பத்து நிமிஷம் போதும்ங்க, மொபைல் நோண்டிட்டு இருந்த பசங்க கூட தல தூக்கிட்டானுங்க. திரை வெலகுனதும் துரியோதனன் சுத்தி சுத்தி கிறிக்கி அடிச்சாரு, வேகமா சுழல்ற ஆட்டம் அது, அந்த கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம் எல்லாத்தையும் போட்டுக்கிட்டு. எல்லாம் கல்யாண முருங்கை மரத்துல செதுக்குறது, மரம் லேசுதான், ஆனாலும் மொத்தமா கட்டிக்கிட்டு விடிய விடிய ஆடிப் பாத்தாதான் தெரியும். இந்த ஜமாவுல கட்டை எல்லாம் புதுசா கலர் பேப்பர், கண்ணாடி ஒட்டி பளபளன்னு வெச்சிருந்தாங்க, அதுக்கே ஒரு சபாஷ்.

பகடை துகில், அதாவது சூதாட்டமும் திரௌபதி சேலைய உருவுறதும் வர்ற கதை அன்னிக்கு கூட்டம் தாங்கல. துச்சாதனன் சேலையில கை வெக்கிறதுக்கு முன்னாடி திரௌபதி வேஷக்காரருக்கு கற்பூரம் காட்டி, பொம்பளைங்க எல்லாம் எழுந்து நின்னு கும்பிட்டாங்க, வேஷம் கட்டினது நாலு நாளா நம்ம டீக்கடையில பீடி குடிச்சிட்டு இருந்த அதே ஆளுதான்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த நேரத்துல அது அம்மன், அவ்ளோதான். துச்சாதனன் கட்டினவருக்கு ஆவேசம் வந்து நாலு பேர் பிடிக்க வேண்டியதாயிடுச்சு. அர்ச்சுனன் தபசு கம்பம் ஏறுறது, மேல இருந்து பாடிக்கிட்டே எலுமிச்சம்பழம் போடுறது, கீழ குழந்த வரம் வேண்டி முந்தானை ஏந்துறது எல்லாம் மொறையா நடந்துச்சு, பெருசா சொல்ல ஒண்ணுமில்ல.

எனக்கு பிடிச்சது கர்ண மோட்சம்தான். எங்க பக்கம் கருமாதிக்கு கூட இந்த கூத்து வெப்பாங்க, அதனால சின்னப் பசங்களுக்கே பாதி வசனம் மனப்பாடம். அப்படி தெரிஞ்ச கதைல ஆள உக்கார வெக்கிறது லேசு இல்ல. சண்டைக்கு கெளம்புற கர்ணன், பொண்டாட்டி பொன்னுருவி கிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வர்றான், அவ நீ தேரோட்டி வளத்த பையன், உன் குலம் என்ன கோத்திரம் என்னன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி கேக்குறா, அந்த தர்க்கம் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல போச்சு. ஒரு தரு, அதாவது கூத்துப் பாட்டு, கர்ணன் பாட, பதிலுக்கு பொன்னுருவி பாட, நடுவுல கட்டியங்காரன் ரெண்டு பக்கமும் ஏத்தி விட, சாதிய பத்தி இவ்ளோ வெளிப்படையா எங்க ஊர் நடுத்தெருவுல வேற எந்த மேடையிலயும் பேசி நான் பாத்ததில்ல. கேட்டுட்டு இருந்தவங்கள்ல எத்தன பேருக்கு உறுத்துச்சோ. கமிட்டில ஒருத்தர் ரெண்டு மணிக்கே வந்து "வாத்தியாரே, கொஞ்சம் சுருக்கமா முடிச்சுக்கலாமா"ன்னு கேட்டாரு, வாத்தியார் சிரிச்சிட்டு போயிட்டாரு. நல்லவேளை. ரெண்டு மணி நேரத்துல முடிக்க சொன்னா இந்த தர்க்கத்த தான் மொதல்ல வெட்டுவாங்க, அப்புறம் மிச்சம் இருக்குறது சண்டையும் சாவும்தான். சபாவுல, டிவில எல்லாம் சுருக்கிப் போடுறத பாத்துட்டு கூத்துன்னா இவ்ளோதான்னு நெனைக்கிறவங்களுக்கு இத சொல்றேன்.

இப்ப கொறை. மொத ரெண்டு நாள் முகவீணைக்காரர் (நாதஸ்வரம் மாதிரி சின்னதா ஊதுற வாத்தியம்) வரவே இல்ல, வேற ஊர் கூத்துக்கு போயிட்டாராம், பதிலுக்கு கீபோர்ட் வெச்சு ஓட்டுனாங்க. முகவீணை இல்லாத கூத்து உப்பில்லாத கூழுதான். வாசிக்க ஆளு கொறஞ்சு போச்சுன்னு எல்லா ஜமாவும் சொல்றாங்க, நெஜந்தான், ஆனா பேசும்போது வர்றாருன்னு சொல்லித்தானே அட்வான்ஸ் வாங்குனீங்க? அடுத்தது மைக். மேல தொங்க விட்ட மைக்ல ஆளு தள்ளிப் போனா சத்தமே வரல, கிட்ட வந்தா கீச்சுன்னு காது கிழியுது. இதுல ஜமாவ மட்டும் சொல்ல முடியாது, செட்டு நாமதான் போடுறோம், கூத்துக்கு போட்டு பழக்கம் இருக்குற மைக்செட்காரரா பாத்து சொல்லுங்க. கட்டியங்காரன் காமெடி பாதி நல்லா இருந்துச்சு, பஞ்சாயத்து, ரேஷன் கடை எல்லாத்தையும் வாரினாரு. மிச்ச பாதி ரெட்டை அர்த்தம், சினிமா பாட்டு. மொத வரிசைல அக்கா, அத்தை எல்லாம் உக்காந்திருந்தாங்க, நெளிஞ்சிட்டோம்.

பொம்பள வேஷம் எல்லாம் ஆம்பளைங்கதான் கட்டுனாங்க. பொண்ணுங்க ஆடுற ஜமா கெடைக்குமான்னும் தேடிப் பாத்தோம், கெடைக்கல. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல கட்டைக்கூத்து (இந்த கூத்துக்கே இன்னொரு பேரு) குருகுலம்னு 2002ல ஆரம்பிச்சு பொண்ணுங்களுக்கும் சேத்து கத்துக் குடுத்தாங்க, 2020ல மூடிட்டாங்க. பெரிய நஷ்டம்.

படுகளத்துக்கு மொத நாள் ராத்திரி முழுக்க பதினெட்டாம் போர், அதாவது கடைசி நாள் சண்டை ஆடிட்டு, தூக்கமே இல்லாம அப்படியே வேஷத்தோட வந்து, மண்ணுல படுக்க வெச்ச துரியோதனன் உருவத்து மேல ஏறி பீமனும் துரியோதனனும் வெயில்ல மோதுனாங்க. மை எல்லாம் வழிஞ்சு ஓடுது, ஆட்டம் கொறையல. தொடைல அடிச்சு, திரௌபதி கூந்தல முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எடத்த விட்டு நகரல.

ஜமா கூப்பிடுறவங்களுக்கு, வேஷம் போட ஒரு ரூம், நல்ல பல்பு, நடுராத்திரி டீ, இது மூணையும் ஒழுங்கா குடுங்க, எங்க ஊர்ல மொத நாள் வேப்பமரத்தடியில டார்ச் அடிச்சு அரிதாரம் பூசினாங்க, பாக்கவே சங்கடமா இருந்துச்சு.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். அடுத்த வருஷத்துக்கும் இதே ஜமாவுக்குத்தான் வெத்தல பாக்கு வெக்கப் போறோம், ஆனா முகவீணை வராத நாளைக்கு காசுல பிடிச்சுப்போம்னு வாத்தியார் கிட்ட சொல்லியாச்சு, அவரும் சரின்னுட்டாரு.