ஷார்ட்பிரெட் மேலே நிஜப் பூவா, ஐசிங் பூவா?

போன ஐப்பசியில் அக்கா மகள் பிறந்தநாளுக்காக 60 ஷார்ட்பிரெட் (வெண்ணெய் பிஸ்கட்) செய்தேன். 30-க்கு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரைப் பொடியும் அடித்த ராயல் ஐசிங்கில் பூ பிழிந்தேன், மீதி 30-ல் நிஜப் பூவைப் பதித்துச் சுட்டேன். இனி நிஜப் பூ பக்கம்தான் நான்.

மாவு இரண்டுக்கும் ஒன்றுதான்: எடையில் சர்க்கரை 1 பங்கு, வெண்ணெய் 2, மைதா 3. முட்டை கிடையாது. வெட்டிய பிறகு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் நம் ஊர் வெக்கையில் வடிவம் கலைந்துவிடும்.

அழகு என்று பார்த்தால் ஐசிங்குக்குத்தான் முதலிடம். ரோஜா, இலை, குழந்தையின் பெயர் என எதை வேண்டுமானாலும் வரையலாம். முறுக்கு பிழிந்து பழகிய கைக்கு பைப்பிங் பை சீக்கிரம் வசப்படும். சங்குப்பூ ஊறிய தண்ணீரில் எலுமிச்சை விட்டால் ஊதா நிறமும் கிடைக்கும்.

சிக்கல் காய்வதில். சென்னை மழை நாளில் ஐசிங் இரவு முழுக்க மின்விசிறிக்கு அடியில் இருந்தும் விரலில் ஒட்டியது. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஏசி அறைக்கு மாற்றிய பிறகுதான் மேல்பக்கம் இறுகியது. அடுக்கி டப்பாவில் வைத்தேன். மறுநாள் திறந்தால் நாலைந்து இதழ்கள் பட்டர் பேப்பரோடு வந்துவிட்டன. மூன்றாம் நாள் வெள்ளைப் பூக்களில் மஞ்சளாக எண்ணெய்த் திட்டு. மாவில் மூன்றில் ஒரு பங்கு வெண்ணெய் என்பதால் அது மெல்ல மேலே ஏறி ஐசிங்கில் ஊறிவிடுகிறது. பிறந்தநாளுக்கு முந்தின இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்த அலுப்பு இன்னும் மறக்கவில்லை.

நிஜப் பூவில் இந்தத் தொல்லையே இல்லை. மாடித் தொட்டியில் பறித்த சங்குப்பூவையும் பன்னீர் ரோஜா இதழையும் டிஷ்யூ தாளுக்கு நடுவில் வைத்து, மேலே இரண்டு கனமான புத்தகங்களை ஏற்றி, இரண்டு நாள் விட்டேன். 160 டிகிரியில் 15 நிமிடம் சுட்டதும் வெளியே எடுத்து, பாலை மெல்லத் தடவி, பூவை வைத்து விரல் நுனியால் ஓரங்களை அழுத்தி, கொஞ்சம் சர்க்கரை தூவி மறுபடி 5 நிமிடம். முதலிலேயே பூவை வைத்துச் சுட்ட இரண்டு தட்டிலும் இதழ்கள் பழுப்பாகிவிட்டன. கடைசி 5 நிமிடம்தான் சரி. அப்போதும் நிறம் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். சங்குப்பூ சாம்பல் கலந்த நீலமாகும். எனக்கு அது பழைய பட்டுச்சேலை நிறம் மாதிரி பிடித்திருக்கிறது. பத்து நாள் டப்பாவில் அடுக்கியிருந்தும் ஒன்றும் ஒட்டவில்லை. ஐசிங்கில் முட்டை வெள்ளைக்கரு இருந்ததால் தொடாத பெரியம்மா, இதில் மூன்று சாப்பிட்டார்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பூக்கடைப் பூ வேண்டாம், அதில் பூச்சிமருந்து இருக்கலாம். அழகாக இருக்கிறதே என்று அரளியைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள், அது விஷம். வீட்டில் மருந்தடிக்காமல் வளர்த்த, சாப்பிடக்கூடிய பூ என்று உறுதியாகத் தெரிந்தது மட்டும் போதும்.

ஊட்டி, கொடைக்கானல் குளிரில் நான் ஐசிங் போட்டுப் பார்த்ததில்லை. இங்கே நடந்ததைத்தான் சொல்கிறேன். பெயர் எழுதியே ஆக வேண்டும் என்றால் ஐசிங்குக்குப் போங்கள், அதையும் கொடுக்கிற நாளுக்கு முந்தின நாள் ஏசி அறையில் செய்து, அடுக்காமல் ஒரே வரிசையாகத் தட்டில் பரப்பி எடுத்துப் போங்கள்.