நீலகிரிப் பெயர், நுவரெலியாச் செடி: உயிரினப் பதிவுக்கான மூன்று தளங்கள், மலையகக் கண்ணால்

இலங்கை மலையகத்தின் நானுஓயாவிலோ ஹப்புத்தளையிலோ ஒரு செடியைப் படம் எடுத்து இணையத்தில் பெயர் தேடினால், பல வேளைகளில் முதலில் வந்து நிற்பது ஊட்டியிலோ கொடைக்கானலிலோ எடுத்த படமாகத்தான் இருக்கும். காரணம் எளிது. அங்கே பதிகிறவர்கள் அதிகம், இங்கே குறைவு. மலையும் பனியும் புல்வெளியும் ஒன்றுபோல இருப்பதால் வந்த பெயர் சரியாகத்தான் இருக்கும் என்று மனம் நம்பிவிடும். அந்த இடத்தில்தான் பதிவு பிழையாகிறது.

இந்திய பல்லுயிர்த் தளம், ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட் ஆகிய மூன்றையும் இந்தப் பிழையை மனதில் வைத்தே எடைபோட வேண்டும். மூன்றுக்கும் கட்டணம் இல்லை. முதலாவது வாசிப்பதற்கு நல்லது. பதிவதற்கு இரண்டாவது, அதன் செயலி படத்தைப் பார்த்துப் பெயரும் பரிந்துரைக்கும். மூன்றாவது பறவைகளுக்கு மட்டும், ஆனால் அந்த வேலையில் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

இந்திய பல்லுயிர்த் தளம் 2008 டிசம்பரில் தொடங்கியது. பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனம், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், ஸ்ட்ராண்ட் லைஃப் சயன்சஸ் முதலியவை சேர்ந்து எழுப்பியது. நம் பாடப்புத்தகத்தில் ‘உயிர்ப்பல்வகைமை’ என்று படித்தவர்கள் அங்கே ‘பல்லுயிர்’ என்று தேடிப் பழக வேண்டும், இரண்டும் ஒன்றுதான். ஓர் இனத்துக்கு ஒரு பக்கம் என்பது அமைப்பு. உருவ விவரிப்பு, வாழிடம், பரம்பல், பாதுகாப்பு நிலை, பல மொழிப் பெயர்கள், பயனர்கள் போட்ட படங்கள், வரைபடம் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். ஐநேச்சுரலிஸ்டில் இந்த ஆழமான விவரிப்பு இல்லை. ஒரு செடியின் காம்பு எவ்வளவு நீளம், காய் எப்படி வெடிக்கும் என்று படித்து ஒப்பிட வேண்டுமானால் இந்திய தளத்துக்குத்தான் போக வேண்டும்.

இரண்டு நாட்டுக்கும் பொதுவான இனங்களில் இதன் பயன் மிக அதிகம். ஹோர்ட்டன் சமவெளியின் புல்வெளியில் பரவியிருக்கும் மஞ்சள் பூ முட்புதரான கோர்ஸ், நீலகிரியிலும் இதே தொல்லையைத்தான் கொடுக்கிறது. தெருவோரத்து நாயுண்ணி, மண்மேட்டில் கூட்டமாகப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தி போன்ற வந்தேறிகளுக்கும் அங்கே படித்தது இங்கே அப்படியே பொருந்தும். தேயிலை மலையின் களைகளைப் படிக்கிறவர்கள், இதே மென்பொருளின் மேல் கட்டிய விக்ட்ராப் என்ற களைத் தளத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஆனால் அது இந்திய எல்லைக்குள் கிடைப்பவற்றுக்காகக் கட்டிய தளம். நம் மலைக்கு மட்டுமே உரிய இனத்தை அங்கே தேடிக் கிடைக்காவிட்டால் அது குறையல்ல. கிடைத்துவிட்ட மாதிரித் தெரிந்தால்தான் கவனம் வேண்டும். மென்பொருள் திறந்த மூலம். பூட்டான் அதை எடுத்துத் தன் நாட்டுக்கென ஒரு தளம் வைத்துக்கொண்டது. இலங்கைக்கும் மூன்று மொழியில் அப்படி ஒன்று அமைந்திருந்தால் கீழே வரும் பாதி எச்சரிக்கைகளுக்குத் தேவையே இருந்திருக்காது.

இரு மலைகளையும் ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் புதியதல்ல. 1872 முதல் 1897 வரை ஏழு தொகுதிகளாக வந்த, ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவர நூல், இலங்கைச் செடிகளையும் உள்ளடக்கியே எழுதப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த டிரைமன் 1893இல் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைநூலை, அவர் 1896இல் இறந்தபின் 1900இல் முடித்துக்கொடுத்தவரும் அதே ஹூக்கர்தான். அந்தக் காலத்தில் ஒரே பெயரில் கிடந்த பல இனங்கள் பிறகு இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்துவிட்டன. பழைய நூலிலிருந்து ஏறிய பெயரைப் பார்த்தால், இன்றைக்கும் அந்தப் பெயர்தான் செல்லுமா என்று ஒரு தடவை தேடிவிடுங்கள்.

எந்தெந்த இனங்களில் நீலகிரி உறவு குழப்பும் என்று தெரிந்துவைத்தால் பாதிப் பிழை நீங்கும். ஹோர்ட்டன் சமவெளியின் சிவப்புப் பூ மரம், ரோடோடென்ட்ரன் ஆர்போரியம். நீலகிரித் தமிழில் காட்டுப்பூவரசு, சிங்களத்தில் மகாரத்மல். இனம் ஒன்று, துணையினம் வேறு: அங்கே நிலகிரிக்கம், இங்கே சேலானிக்கம். நம் மரத்தின் இலை மேற்புறம் நன்றாகப் புடைத்துச் சுருங்கி, ஓரம் கீழ்நோக்கி மடிந்திருக்கும். பூவை மட்டும் பத்துப் படம் எடுத்தால் இது தெரியாது. இலையின் முன்னும் பின்னும் ஒவ்வொரு படம் போதும்.

பறவைகளில் சாம்பல்நீல ஈப்பிடிப்பான் நம்முடையது, நீலகிரி ஈப்பிடிப்பான் அவர்களுடையது. அதற்கு வாலின் அடியில் வெள்ளைத் திட்டு உண்டு, நம்முடையதற்கு இல்லை. காட்டுப்புறாவிலும் இதே கதை. மந்தியில் குழம்ப வழியே இல்லை: நீலகிரி மந்தி பளபளக்கும் கறுப்பு, நம் உயர்மலை ஊதாமுக மந்தி அடர்ந்த மயிரோடு சாம்பல் கலந்த பழுப்பு, கன்னத்தில் வெளிர்மயிர். ஆனாலும் தூரத்தில் மரக்கொப்பில் நிழலாக உட்கார்ந்த படத்துக்கு எந்தச் செயலியும் எதையும் சொல்லும். மூக்கில் கொம்புள்ள ஓணானுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. செரட்டோஃபோரா என்ற பேரினமே, அதாவது நெருங்கிய இனங்களின் குழுவே, இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது.

குறிஞ்சிதான் இருப்பதிலேயே கடினம். நெலு என்று சிங்களத்தில் சொல்வது ஓர் இனமல்ல, ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தின் ஒரு கூட்டம். நீலக்குறிஞ்சி என்ற ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா மேற்குத் தொடர்ச்சி மலையின் செடி. 2006இலும் 2018இலும் மூணாறுப் பக்கம் அது பூத்தபோது இணையம் முழுக்க அதன் படங்கள் நிறைந்தன. படங்களைப் பார்த்துக் கற்கும் செயலிக்கு அதிகம் பார்த்த முகம்தான் முதலில் நினைவுக்கு வரும். படம் போதாத இனத்தை அது கற்றுக்கொள்ளவே முடியாது. ஆகவே நெலுப் பூவுக்கு நீலக்குறிஞ்சி என்ற பரிந்துரை வந்தால் தொடாதீர்கள், பேரினத்தோடு நிறுத்துங்கள். இனம் வரை போக வேண்டுமானால் பூங்கொத்து முழுதாக ஒன்று, புல்லிவட்டத்தை நெருக்கமாக ஒன்று, பூவின் வாய்க்குள் மகரந்தக் காம்பு இரண்டா நான்கா என்று தெரிய ஒன்று, தண்டின் மயிர் தெரிய ஒன்று என்று நான்கு படமாவது வேண்டும்.

எந்தச் செடிக்கும் குறைந்தது ஐந்து கோணம்: முழுச்செடி, இலை மேல்புறம், இலை அடிப்புறம், பூ முன்னும் பக்கவாட்டிலும், தண்டு அல்லது பட்டை. அளவுக்கு ஒரு நாணயக்குற்றியைப் பக்கத்தில் வையுங்கள். இலையைச் செடியிலேயே திருப்பிப் பிடித்து எடுங்கள், பறிக்கக் கூடாது. தேசியப் பூங்காவில் அது குற்றம். பனியில் போன் நனையாமல் பொலித்தீன் உறையில் போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைத்தால், ஹோர்ட்டன் சமவெளி வாசலில் அதைக் கழற்றி வாங்கிவிடுவார்கள். துணிப்பையும், கமராக் கண்ணாடியைத் துடைக்க ஒரு பருத்தித் துண்டும் போதும்.

ஐநேச்சுரலிஸ்டில் பதிவுக்கு நான்கு விஷயங்கள் வேண்டும்: படம் அல்லது ஒலி, திகதி, இடம், ஒரு பெயர். பெயர் தெரியாவிட்டால் ‘தாவரம்’ என்றே போடலாம். சிக்னல் இல்லாத இடத்திலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடம் மட்டும்தான் வெறுமையாகத் தெரியும். சேமித்துவைத்து வீட்டுக்கு வந்து ஏற்றலாம். பள்ளத்தாக்கிலும் அடர்மரத்தடியிலும் இடத்தின் துல்லியத்தைக் காட்டும் வட்டம் நூற்றுக்கணக்கான மீற்றராக விரிந்திருக்கும். ஒரு நிமிடம் நின்று அது சுருங்கியபின் எடுங்கள். இரண்டு வளைவு ஏறினால் உயரம் நூறு மீற்றர் மாறிவிடுகிற மலையில் அகன்ற வட்டத்துக்குப் பொருளில்லை.

அடிக்கடி கெடுவது வட்ஸ்அப்பால். குழுவில் வந்த படத்தை அப்படியே பதிவில் ஏற்றினால் திகதியும் இடமும் அதில் இருக்காது. அனுப்பும்போதே அவை உரிக்கப்பட்டுவிடும். பிறகு ஏற்றிய நாளே கண்ட நாளாகவும், வீடே கண்ட இடமாகவும் பதிந்துபோகும். எடுத்தவரிடம் ‘டொக்யுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, எடுத்தவரே தன் கணக்கில் பதிவது.

செயலி காட்டும் பட்டியலில் முதல் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவது பெரிய பாவம். பெயருக்குக் கீழே அது அருகில் எதிர்பார்க்கப்படும் இனம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெயரைத் தட்டி பரம்பல் வரைபடத்தைத் திறவுங்கள். புள்ளிகள் எல்லாம் தமிழ்நாடு, கேரளப் பக்கம் குவிந்து இலங்கை வெறுமையாக இருந்தால் ஒரு படி மேலே, பேரினத்துக்கு ஏறிவிடுங்கள். ஏன் இவ்வளவு கண்டிப்பு? பதிந்தவரோடு இன்னொருவர் ஒத்துக்கொண்டாலே பதிவு ‘ஆய்வுத் தரம்’ பெற்றுவிடலாம். மாற்றுக் கருத்து வந்தால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். ஆய்வுத் தரம் பெற்றது, உரிம அனுமதி இருந்தால், ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுக் கிடங்குக்குப் போகிறது. நட்புக்காக ஒருவர் தட்டிய ‘ஆமாம்’, நம் மலையில் இல்லாத ஓர் இனத்தை உலக வரைபடத்தில் நுவரெலியாவில் நட்டுவிடும்.

நட்டு வளர்த்தவை இன்னொரு பொறி. தேயிலை, நிழலுக்கு வைத்த கிரேவில்லியா, லயத்து வாசலின் டேலியா, ஹக்கலைப் பூங்காவின் பாத்திச் செடிகள் அத்தனைக்கும் ‘வளர்க்கப்பட்டது’ என்ற குறியைப் போட வேண்டும். தேயிலைக்கு அடியில் தானாக முளைத்த களைக்கு அந்தக் குறி வேண்டாம்.

இடத்தை மறைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அருகிவரும் இனம் என்று தளம் அறிந்திருந்தால் இடத்தைத் தானே மங்கலாக்கும். அறியாததற்கு நீங்களே ‘மங்கலாக்கு’ என்பதைத் தேர வேண்டும். சிறுத்தை நடமாடும் தோட்டப் பிரிவு, தேவாங்கு கண்ட மரம், வசியத்துக்கென்று கிழங்கைத் தோண்டிப்போகும் நாகமரு அல என்ற மஞ்சள் ஆர்கிட், செல்லப்பிராணிக் கடத்தலுக்குப் பிடிக்கும் கொம்பு ஓணான் எல்லாம் இதில் அடங்கும். கொம்பு ஓணானின் செரட்டோஃபோராவும், குட்டை ஓணானின் கொஃபோட்டிஸும் 2019இல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில்தான் வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறின. சுருக்குக் கம்பி கட்டுகிறவரும் இணையம் பார்க்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

மங்கலாக்கினால் புள்ளி 0.2 பாகைக் கட்டத்துக்குள், அதாவது ஒரு பக்கம் சுமார் 22 கிலோமீற்றர் உள்ள சதுரத்துக்குள், எங்காவது விழும். நுவரெலியா நகருக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் உள்ள நேர்த்தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே பாதுகாப்பு உண்டு, ஆனால் உயரம் தொலைந்துபோகிறது. குறிப்புப் பெட்டியில் ‘1,900 மீற்றர், ஓடைக்கரை’ என்று மட்டும் எழுதுங்கள். பலர் இடத்தை மங்கலாக்கிவிட்டு அதே குறிப்பில் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் எழுதிவைக்கிறார்கள். பூட்டிய கதவில் சாவியைத் தொங்கவிட்ட கதைதான். அதே பத்து நிமிடத்தில் பக்கத்துப் புதரில் எடுத்த சாதாரணப் பூவின் இடம் திறந்திருந்தாலும் ஓணானின் இடம் தெரிந்துவிடும். அன்றைய நாள் பதிவு முழுவதையும் மங்கலாக்குவதே சரி.

பறவைக்கு வந்தால் ஈபேர்ட். ஒரு நடையில் கண்ட பறவைகளை ஒரு பட்டியலாகப் பதிவது இதன் முறை. கோர்னெல் பறவையியல் கூடமும் ஓடுபொன் அமைப்பும் 2002இல் தொடங்கியது. இந்தியாவில் பறவை நிலை பற்றிய 2023 அறிக்கை 942 இனங்களை எடைபோட்டது இதில் சேர்ந்த பதிவுகளைக் கொண்டுதான். முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கொடுத்த மூன்று கோடிப் பதிவுகள். அந்த வேலைக்கு ஆகும் பட்டியல் எது என்பதுதான் முக்கியம். தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதினீர்களா என்ற நான்கும் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால்தான் எழுதாத பறவை அங்கே படவில்லை என்று கணக்கிட முடியும். அரிய பறவையை மட்டும் எழுதி, காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு ‘ஆம்’ போடுவது பொய்க்கணக்கு. பட்டியல் சிறிதாக இருப்பதே நல்லது: நடக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்று முடித்துப் புதிதாகத் தொடங்கலாம்.

அதே கோர்னெல் கூடத்தின் மேர்லின் செயலி குரல் கேட்டுப் பெயர் சொல்லும். நம் பகுதிப் பறவைகளின் தரவுப் பொதியை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் காட்டில் சிக்னல் தேவையில்லை. ஓடை இரைச்சலிலும் காற்றிலும் தடுமாறும். இலங்கைச் சீட்டிச் சோலைபாடி விடியுமுன்னும் பொழுது சாயும்போதும் ஓடைக்கரையில்தான் கீச்சிடும் என்பதால், வேண்டிய இடத்திலேயே கைவிட்டுவிடவும் கூடும். மேர்லின் சொன்ன பெயரை ஒரு குறிப்பாக எடுத்துக்கொண்டு, பறவையைக் கண்ணால் கண்டோ குரலைப் பதிவோடு ஒப்பிட்டோ உறுதிசெய்தபின்தான் ஈபேர்டில் ஏற்ற வேண்டும். குளிர்காலத்தில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வரும் காஷ்மீர ஈப்பிடிப்பான் நீலகிரிக்கும் வரும் விருந்தாளிதான். இங்கே அந்தப் பெயர் வந்தால் இந்தியப் பறவை என்று தள்ளிவிடாமல், கழுத்துச் செம்மையின் ஓரத்தில் கறுப்புக் கரை தெரிகிற மாதிரி ஆண் பறவையைப் படம் எடுத்துப் பட்டியலோடு இணையுங்கள்.