பென் டிரைவா, ஹார்ட் டிஸ்கைக் கழற்றுவதா?

2025 அக்டோபர் 14-ஓடு வின்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பை ஆக்கருக்குப் போடாமல், வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றிக்கொள்ளலாமா என்று குமரி மாவட்டத்தில் யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தாராளமாக ஏற்றலாம். எந்த வழியில் ஏற்றுவது என்பதுதான் கேள்வி.

லேப்டாப் பென் டிரைவில் பூட் ஆகிறதென்றால் (அதிலிருந்து கிளம்புகிறதென்றால்) வேறு யோசனையே வேண்டாம். இன்னொரு கம்ப்யூட்டரில் ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேரை வைத்துப் பென் டிரைவைத் தயார் செய்து ஏற்றிவிடுங்கள்.

குளச்சல், முட்டம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று யூஎஸ்பி போர்ட்டை விட்டுவைக்காது. உள்ளே இருக்கும் தகடு பச்சை பூத்திருந்தால், பென் டிரைவ் தெரிவதுபோல் தெரிந்து பாதியில் அறுந்துவிடும். டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டவேண்டியது அப்போதுதான்.

அப்படி மாட்டி வின்டோஸையே திரும்ப ஏற்றப் பார்த்தால் அது முரண்டு பிடிக்கும். யூஎஸ்பி கேபிளில் தொங்கும் டிஸ்கில் அதன் இன்ஸ்டாலர் ஏற மறுக்கும். டெஸ்க்டாப்புக்குள் டிஸ்கை இணைக்கும் சாட்டா கேபிளில் நேரடியாக மாட்டி ஏற்றினால், ஃபைல்கள் இறங்கி முதல் ரீஸ்டார்ட் ஆகும் இடத்தில் நிறுத்தி, டிஸ்கை லேப்டாப்புக்கு மாற்றிவிட வேண்டும்; இல்லையென்றால் டெஸ்க்டாப்புக்கான டிரைவர்களோடு அமைந்துவிடும்.

லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவுக்கு அந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலான டிரைவர்களைக் கையோடு கொண்டுவரும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் லினக்ஸைக் கிளப்பிவிடும் பூட்லோடரில்தான் கவனம் வேண்டும். ஏற்றும் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்கைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் உபுண்டுவின் பூட்லோடரான கிரப் அதில் போய் உட்கார்ந்துவிடலாம். கம்ப்யூட்டரைக் கிளப்பும் புதிய முறையான யூஇஎஃப்ஐ-யில், எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற பதிவு டிஸ்கில் இருப்பதில்லை, மதர்போர்டில் இருக்கிறது. அதனால் லேப்டாப்புக்கு மாற்றியதும் 'பூட் டிவைஸ் இல்லை' என்று வரலாம். கிரப்பை 'ரிமூவபிள்' ஆப்ஷனோடு நிறுவினால், எந்த யூஇஎஃப்ஐ மெஷினும் தானாகத் தேடும் இடத்திலேயே அது இருக்கும். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் காலத்து மெஷின்கள் பலவற்றில் யூஇஎஃப்ஐ-க்கு முந்தைய பழைய பயாஸ்தான். அவற்றின் டிஸ்குக்கு, ஏற்றும் கம்ப்யூட்டரையும் லெகசி மோடில் (பழைய பயாஸ் முறையில்) பூட் செய்தே ஏற்ற வேண்டும். புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அந்த மோடே கிடையாது. இதைப் பார்க்காமல் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள்.

நெட்வொர்க் வழியாக ஏற்றுவது பள்ளிக்கூட லேபுக்குச் சரி. ஒற்றை லேப்டாப்புக்காக சர்வர் அமைப்பது வீண் வேலை.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மழையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பைவிட, பேட்டரி நன்றாக இருக்கும் இன்னொரு லேப்டாப்பில் மாட்டி ஏற்றுவதே நல்லது. டிஸ்க் வெளியே வந்துவிட்டதால் ஒரு நன்மையும் உண்டு: அழிப்பதற்கு முன் பிள்ளைகளின் போட்டோ, சர்டிபிகேட் ஸ்கேன் எல்லாவற்றையும் முதலில் காப்பி எடுத்துவிடலாம்.